சூளையில் வைத்த ஸ்பிரிங்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் கொளஞ்சிநாதன் என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். சூளை கொளஞ்சி என்று கேட்டால் களிமண் லாரி டிரைவர்கூடக் கை காட்டிவிடுவார். பதினேழு வயதில் கூலிக்குச் சூளை ஏற்றப் போனவர், நாற்பத்திரண்டு வயதில் சொந்தமாக ஒரு ஷெட்டும் சூளையும் வைத்திருந்தார். ஃபியூஸ் கட்டைகளும் பீங்கான் பொம்மைகளும் அங்கே வெந்தன.

சூளையின் சுவரில் உள்ள சின்ன ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார். நெருப்பின் நிறத்தைக் கொண்டே சூடு எவ்வளவு என்று சொல்வார். மீட்டர் வைத்துப் பார்த்தால் பெரிதாக வித்தியாசம் இருக்காது. வெந்து வந்த ஃபியூஸ் கட்டையை எடுத்து நகத்தால் ஒரு தட்டு. கணீர் என்றால் நல்லது. மழுங்கிக் கேட்டால் உள்ளே விரிசல். அதைத் தூக்கி ஓரமாக எறிந்துவிடுவார். இருபத்தைந்து வருடத்தில் அவர் காது ஏமாந்ததில்லை.

"நெருப்பு எம் பேச்சக் கேக்கும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். அந்த நெருப்புதான் அவரைத் தலைகுனிய வைத்தது.

அவருக்கு ஒரே அக்கா, ஆண்டாள். புருஷனை இழந்தவள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அவளுடைய ஒரே மகள் பூர்ணிமா. அப்பா இல்லாத அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமனான கொளஞ்சிதான் எல்லாம். இரண்டாயிரத்து மூன்று தை மாதம் அவளைக் கம்மாபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தாய்மாமன் சீரை கொளஞ்சி தன்னுடைய லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். தாம்பாளத் தட்டுகள் உருளாமல் இருக்கப் பொம்மை அட்டைப்பெட்டிகளை முட்டுக் கொடுத்திருந்தார்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தசாமி நின்றிருந்தார். வண்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கேட்டார்.

"தாய்மாமன் சீரா, பொம்ம டெலிவரியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொளஞ்சியும் சிரித்தார். ஆனால் அன்று பந்தியில் பாதிச் சோற்றிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அடுத்த வருடம் பூர்ணிமா உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்தது. அந்த வாரமே நெய்வேலியில் ஒரு ஆபீசர் மகன் விற்ற எஸ்டீம் காரை கொளஞ்சி வாங்கினார். எட்டு வருடப் பழைய வண்டி, கறுப்பு. பந்தயத்தில் ஓட்டும் பையன்கள் விரும்புகிற வண்டி என்று விற்றவன் சொன்னான். சைலன்சர் உறுமும். மனைவி சிவசங்கரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நாம பொம்ம செய்யிறவங்க, இது நம்மகிட்ட உறுமுதே" என்றாள். அவர் காதில் அது விழவில்லை. வளைகாப்புக்கு இந்த வண்டியில் போய் இறங்க வேண்டும், பூர்ணிமாவை இதே வண்டியில் அம்மா வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அவர் மனத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

கடலூர் ரோட்டில் மெக்கானிக் பச்சமுத்துவின் ஷெட். சின்ன ஷெட், ஆனால் ஊரில் கார் வைத்திருக்கிற டாக்டர், வக்கீல் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். பச்சமுத்து வண்டியின் ஒரு மூலையை அழுத்திப் பார்த்தார். அது மூன்று முறை ஆடிவிட்டு நின்றது.

"நாலு ஷாக் அப்சார்பரும் ஆயில கக்கிடுச்சிண்ணா. புதுசுதான் போடணும்."

"போடறதுதான் போடறோம், வண்டியக் கொஞ்சம் எறக்கி வச்சிப் போடு பச்சமுத்து. கார் புக்குல பாத்தேன். டயருக்கும் பாடிக்கும் நடுவுல வெரலு நொழையல. என்னா அழகு."

"புக்குல வண்டி நிக்கிதுண்ணா. நம்ம வண்டி ஓடணும்."

கொளஞ்சி விடவில்லை. பச்சமுத்து கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து விளக்கினார். உயரம் குறைக்கிற ஸ்பிரிங் இரண்டு வகையில் வருகிறது. ஒன்று வண்டியை ஒரு இன்ச் இறக்கும், இன்னொன்று இரண்டு இன்ச். இரண்டு இன்ச் போட்டால் அதற்கென்று குட்டையாகச் செய்த ஷாக் வேண்டும், வழவழப்பான ரோடும் வேண்டும்.

"கம்மாபுரம் ரோட்டுல நிலக்கரி லாரி ஓடி ஓடிப் பள்ளமாக் கெடக்குது. அதுல ரெண்டு இன்ச்சு எறக்கி ஓட்டுனா வண்டி தரையிலதான் ஒக்காரும். ஒரு இன்ச்சு ஸ்பிரிங்கு, கேஸ் அடைச்ச ஷாக்கு, போதும்."

"கேஸு ஷாக்கு டைட்டா இருக்குமே, குலுக்காதா?"

"ஸ்பிரிங்கு துள்ளுற காளைண்ணா. ஷாக்கு மூக்கணாங்கயிறு. காளைக்கு ஏத்த கயிறு போட்டா ரெண்டும் சேந்து நடக்கும். ஏதாவது ஒண்ண மட்டும் நம்ம இஷ்டத்துக்கு மாத்துனா, வண்டியில இருக்கறவங்கதான் கீழ வுழணும்."

கொளஞ்சி தலையாட்டினார். கோயம்புத்தூர் கடைக்குப் போன் போட்டு, பச்சமுத்து சொன்ன செட்டையே சொன்னார். மஞ்சள் நிற ஷாக்குகள் நான்கும் சிவப்பு நிற ஸ்பிரிங்குகள் நான்கும் பார்சலில் வந்தன.

பார்சல் செராமிக் ஷெட்டுக்கு வந்தது. அது அவருடைய கெட்ட நேரம். நேரே பச்சமுத்துவிடம் போயிருந்தால் இந்தக் கதை இல்லை. கொளஞ்சி ஸ்பிரிங்கை எடுத்து, ஃபியூஸ் கட்டையைத் தட்டுவதுபோல நகத்தால் தட்டினார். நல்ல சத்தம். ஆனால் பார்க்க ஏமாற்றமாக இருந்தது. வண்டியில் இருந்த பழைய ஸ்பிரிங்குக்கும் இதற்கும் ஒரு விரல்கூட வித்தியாசம் தெரியவில்லை. இதைப் போட்டால் கோவிந்தசாமி கண்ணுக்கு என்ன தெரியும்?

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷெட்டில் ஆட்கள் இல்லை. காலையில் பொம்மைகளை இறக்கிய சூளையில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. கொளஞ்சி நான்கு ஸ்பிரிங்குகளையும் நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே எடையுள்ள சூளைப் பலகையை ஏற்றி, பர்னரை மறுபடி பற்றவைத்தார். ஓட்டை வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்பிரிங்குகள் சிவந்தன. பலகையின் பாரத்தில் மெல்ல உட்கார்ந்தன. நான்கும் ஒரே அளவு, நூல் பிடித்தாற்போல. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

களிமண்ணுக்கு நெருப்பு பலம் கொடுக்கும். சிவக்கச் சிவக்க அது உறுதியாகும். இருபத்தைந்து வருடம் அவர் பார்த்த பாடம் அது ஒன்றுதான். ஸ்பிரிங் எஃகு அப்படியில்லை. அப்படிச் சிவந்து ஆறினால் அதன் உயிர் போய்விடும், துள்ளுகிற குணம் செத்துவிடும். அது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தார். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயமும் இருந்தது.

எரிந்துபோன பெயிண்டுக்குப் பதிலாகச் சிவப்பு பெயிண்ட் வாங்கிவந்து அவரே அடித்தார். தெரியாமல் செய்ததைத் தவறு என்று மன்னிக்கலாம். பெயிண்ட் அடித்ததை எப்படி மன்னிப்பது?

பச்சமுத்து ஸ்பிரிங்கைக் கையில் எடுத்ததும் நின்றார்.

"என்னண்ணா, ஒரு இன்ச்சு சொன்னோம், இது ரொம்பக் குட்டையா இருக்குது. பெயிண்ட்டு வாசன வேற அடிக்குது."

"புதுசுன்னா அடிக்கத்தான் செய்யும். கடைக்காரன் அளவு மாத்தி அனுப்பிட்டான்போல."

"திருப்பி அனுப்பிடுங்க. ஷாக்குக்கும் இதுக்கும் சேராது."

"நாளன்னிக்கி வளைகாப்புய்யா. மாட்டு. திரும்பி வந்து மாத்திக்கலாம்."

பச்சமுத்து வெகுநேரம் தலையைச் சொறிந்தார். "மூணு பேருக்கு மேல ஏத்தாதீங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மாட்டினார். வேலை முடிந்து வண்டி தரையில் இறங்கியபோது டயருக்கும் பாடிக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. கொளஞ்சி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழைய ஸ்பிரிங்குகள் நான்கையும் பச்சமுத்து எண்ணெய் தடவி மூலையில் எடுத்து வைத்தார்.

கம்மாபுரத்தில் அவர் ஆசைப்பட்டது நடந்தது. கறுப்பு வண்டி உறுமிக்கொண்டு பந்தல் முன் நின்றபோது ஊரே எட்டிப் பார்த்தது. கோவிந்தசாமி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"என்ன சம்பந்தி, வண்டி நெடுஞ்சாண்கிடையா வுழுந்து கும்புடுது?"

"பெரியவங்க வூடாச்சே, கும்புடட்டும் மாமா" என்றார் கொளஞ்சி. இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் இருந்தது. தாய்மாமன் வளையலை முதலில் பூர்ணிமாவின் கையில் போட்டபோது அவர் கண் கலங்கியது.

திரும்பும்போது வண்டியில் பூர்ணிமா, ஆண்டாள், சிவசங்கரி, பூர்ணிமாவின் நாத்தனார். டிக்கியில் சோற்று அண்டாக்கள், வளையல் பெட்டி, பழத்தட்டுகள். பச்சமுத்து சொன்ன மூன்று பேர் கொளஞ்சிக்கு ஞாபகம் வந்தது. யாரை இறங்கச் சொல்வது? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வண்டியைக் கிளப்பினார். பின்னால் கோவிந்தசாமியும் உறவுக்காரர்களும் வேனில் வந்தார்கள்.

சுரங்க லாரிகள் திரும்புகிற இடத்தில் ஒரு பள்ளம். வண்டி இறங்கியது. ஏறவில்லை. அடியில் இரும்பு தரையில் இடிக்கிற சத்தம். மறுபடி தூக்கிப் போட்டது. புது ஷாக் தன் பலத்தோடு இழுத்துப் பிடிக்க, செத்த ஸ்பிரிங் அப்படியே உட்கார்ந்துவிட்டது. டயர் பாடியில் உரசிப் புகைந்தது. பின் சீட்டில் பூர்ணிமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நிறுத்துங்க" என்றாள். குரல் மிகச் சின்னதாக இருந்தது.

அவளை இறக்கினார்கள். இரண்டு கை நிறைய வளையலோடு அந்தப் பெண் ரோட்டோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவையில் ரத்தக் கறை. ஆண்டாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தசாமி வேனிலிருந்து ஓடிவந்தார்.

"என்னய்யா வண்டி இது? யாரு வேல பாத்தது?"

"பச்சமுத்து மாட்டுன ஸ்பிரிங்கு மாமா" என்றார் கொளஞ்சி.

நாலே வார்த்தை. ஒவ்வொன்றும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய். அந்த நிமிடம் அது அவர் வாயிலிருந்து தானாக வந்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். தானாக வந்ததைத் திருப்பி எடுக்க அடுத்த நிமிடம் இருந்ததே, அதற்கடுத்த நாள் இருந்ததே?

பூர்ணிமாவை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைக்கு ஆபத்தில்லை, ஆனால் பிரசவம் வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். வராந்தா பெஞ்சில் ஆண்டாள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இல்லன்னா நாங்க என்னடா பண்ணியிருப்போம்" என்றாள். அவள் பிடித்திருந்த கையின் நகக்கண்ணில் சிவப்பு பெயிண்ட் ஒட்டியிருந்தது. கொளஞ்சி கையை உருவிக்கொண்டு மடியில் மறைத்தார்.

கோவிந்தசாமிக்கு வாய் சும்மா இருக்காது. போகிற இடமெல்லாம் சொன்னார். ஒரு வாரத்தில் அது பாலக்கரை கார் ஸ்டாண்டுக்கு வந்தது. "புள்ளத்தாச்சிப் பொண்ணுன்னுகூடப் பாக்காம ஓட்ட ஸ்பிரிங்க மாட்டியிருக்கான்" என்று பேசினார்கள். டாக்டரின் கார் வேறு ஷெட்டுக்குப் போனது. வக்கீல் வண்டியும் போனது. பச்சமுத்துவின் ஷெட் வாசலில் ஸ்கூட்டர்கூட நிற்கவில்லை.

பச்சமுத்து சண்டைக்கு வரவில்லை. இரண்டு முறை செராமிக் ஷெட்டுக்கு வந்தார்.

"வண்டிய ஒருதரம் பாத்துக்கறண்ணா. எங்க தப்பாச்சின்னு எனக்குத் தெரியணும். தூக்கம் வரல."

"அப்பறம் பாக்கலாம் பச்சமுத்து. எனக்கு இப்ப லோடு இருக்குது" என்றார் கொளஞ்சி. வண்டி தார்ப்பாய் மூடி சூளைக்குப் பின்னால் நின்றது. பச்சமுத்து தார்ப்பாயைப் பார்த்தார், அதைத் தொடாமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து கொளஞ்சி கடலூர் ரோட்டில் போவதை நிறுத்தினார். பால் வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போனார். சூளை ஓட்டையில் கண்ணை வைத்தால் நெருப்புக்குள் நான்கு ஸ்பிரிங்குகள் நிற்பதாகத் தெரிந்தது. ஒரு லோடு ஃபியூஸ் கட்டை முழுவதும் கருகிப் போயிற்று. இருபத்தைந்து வருடத்தில் அது முதல் முறை.

அப்போதுதான் டீக்கடையில் ஒருவர் சொன்னார். "பச்சமுத்து மணவாளநல்லூர் போயி கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டிட்டு வந்துட்டானாம்."

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நியாயம் கிடைக்காதவன் யார் மீது என்ன குறை என்று தாளில் எழுதி, அந்த முருகன் கோயிலில் முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வருவான். தொண்ணூறு நாளில் சாமி தீர்ப்புச் சொல்லும் என்பது நம்பிக்கை. போலீசுக்குப் பயப்படாதவனும் அந்தத் தாளுக்குப் பயப்படுவான்.

கொளஞ்சி டீயைக் குடிக்காமலே எழுந்தார். அவர் பேரே அந்தச் சாமியின் பேர்தான். ஆண் பிள்ளை இல்லாமல் தவம் கிடந்த அவர் அம்மா அந்தக் கோயிலில் வேண்டிப் பெற்ற பிள்ளை. பூர்ணிமாவுக்குப் பிரசவத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. நேரே பச்சமுத்து வீட்டுக்கு நடந்தார். பச்சமுத்து இல்லை. அவர் மனைவி காசியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. ஒக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "பிராது கட்டியிருக்குதாமே."

"ஆமாங்க. போன திங்கக்கெழம."

"எம் பேருலயாம்மா?"

காசியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஒங்க பேருல ஏன் கட்டணும்? அவரு பேருலயேதான் கட்டிட்டு வந்தாரு. 'ஸ்பிரிங்கு குட்டையா இருக்குதுன்னு கண்ணு சொல்லிச்சி. பெயிண்ட்டு வாசனைய மூக்கு சொல்லிச்சி. தெரிஞ்சும் மாட்டுனேன். அந்தப் பொண்ணுக்கோ புள்ளைக்கோ ஒண்ணு ஆச்சின்னா எங் கையக் கேளு'ன்னு எழுதிட்டாரு. மெக்கானிக்கா இருந்துக்கிட்டுக் கைய எழுதிக் குடுத்துட்டு வராதய்யான்னு அழுதேன். கேக்கல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற மனிதனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. குற்றம் செய்தவன் பொம்மை செய்துகொண்டிருந்தான். செய்யாதவன் சாமி முன்னால் கையை நீட்டிவிட்டு வந்திருந்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆண்டாள் வீட்டில் கோவிந்தசாமி மருமகளைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தார். பூர்ணிமா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கொளஞ்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

"மாமா, பச்சமுத்து மேல தப்பு இல்ல. ஸ்பிரிங்க நாந்தான் சூளையில வச்சி சுட்டேன். குட்டையாவட்டும்னு. அவருக்குத் தெரியக்கூடாதுன்னு பெயிண்ட்டு அடிச்சேன். அன்னிக்கி ரோட்டுல ஒங்ககிட்ட சொன்னது பொய்."

கோவிந்தசாமி உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைக் கீழே வைத்தார்.

"குட்டையா ஆவணும்னு எதுக்குய்யா?"

"பொம்ம டெலிவரின்னு சொன்னீங்களே மாமா. அதுலேந்து..."

"சிரிச்சிக்கிட்டுத்தான்யா சொன்னேன்." கோவிந்தசாமியின் குரல் இறங்கியது. "ஊரெல்லாம் அவம் பேரச் சொன்னது எவ் வாயி. அத எங்க கொண்டுபோயிக் கழுவறது?"

ஆண்டாள் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். "காசியம்மா நேத்துப் பால்காரன்கிட்ட எம் பக்கத்துல நின்னா. நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்டா. அந்தப் பாவத்துல என்னயும் சேத்துட்டியே தம்பி." பூர்ணிமா மெல்லச் சொன்னாள்.

"ஏறும்போதே வண்டி என்னமோ தரையோட இருக்குதேன்னு நெனச்சேன் மாமா. நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. அதான் ஒண்ணும் சொல்லல."

கொளஞ்சி அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. தேற்றக்கூடாது என்றுதான் அவருக்கும் தோன்றியது.

அன்று சாயங்காலம் பாலக்கரை கார் ஸ்டாண்டில், டிரைவர்கள் நடுவில் நின்று அதையே மறுபடி சொன்னார். சூளையில் வைத்ததை, பெயிண்ட் அடித்ததை, ஒன்று விடாமல். ஒருவன் "பொம்மய சுடறவன் ஸ்பிரிங்க சுட்டானாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை கொளஞ்சி சேர்ந்து சிரிக்கவில்லை. பிறகு பச்சமுத்துவிடம் போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பச்சமுத்து ஒன்றுதான் சொன்னார்.

"நாளைக்கி பிராத வாபஸ் வாங்கணும். வாங்க."

மறுநாள் ஒரே பைக்கில் மணவாளநல்லூர் போனார்கள். கோயிலில் எழுதிக்கொள்கிறவர் விவரத்தைக் கேட்டார்.

"பிராது குடுத்தது?"

"பச்சமுத்து."

"யாரு மேல?"

பச்சமுத்து வாயைத் திறக்குமுன் கொளஞ்சி முந்திக்கொண்டார்.

"எம் மேலங்க. அதுல பேரு மாறிப் போச்சி. எம் பேரு கொளஞ்சிநாதன்."

எழுதுகிறவர் நிமிர்ந்து அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் பூர்ணிமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். கொளஞ்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய், வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். ஆண்டாள் உள்ளே கூப்பிட்டாள். குழந்தையைக் கையில் வாங்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரம் பச்சமுத்து ஆள் அனுப்பினார், வண்டியைக் கொண்டுவரச் சொல்லி. டிராக்டரில் கட்டி இழுத்துப் போனார்கள். ஷெட்டில் டாக்டரின் கார் நின்றிருந்தது. பச்சமுத்து செத்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார். மூலையிலிருந்து பழைய ஸ்பிரிங்குகளை எடுத்துவந்து எண்ணெயைத் துடைத்தார். ஒன்றை எடுத்து கொளஞ்சியிடம் நீட்டினார்.

"புடிங்க. இந்தப் பக்கம் நீங்க குடுங்க, நான் மாட்டறேன்."

கொளஞ்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருடைய வலது கைச் சுட்டுவிரல் பழக்கத்தில் தட்டிப்பார்க்க எழுந்தது. அதை மடக்கிக்கொண்டு, ஸ்பிரிங்கை அப்படியே பச்சமுத்துவிடம் கொடுத்தார்.